குர்த்தியிலிருந்து பருத்திப் புடவைக்கு மாற ஆசை, காலையில் நேரம்தான் இல்லை

கேள்வி:
திருச்சியில் வங்கி வேலை. பெண் இரண்டாம் வகுப்பு, பையனுக்கு மூன்று வயது. அவன் பிறந்ததிலிருந்து கருப்பு லெகிங்ஸ், தொளதொள குர்த்தி, இதுதான் என் சீருடை. பருத்திப் புடவை கட்ட ஆசை. 8 மணி வேனுக்கு ஓடுகிறவளுக்கு மடிப்பெடுக்க நேரமேது? பையன் வேறு முந்தானையில்தான் மூக்கைத் துடைப்பான்.

பதில்:
மதுரைச் சுங்குடியில் தொடங்குங்கள் தங்கச்சி. மெல்லிசு, உடம்போடு படியும். அடர்நிறத்தில் பொடிப்புள்ளி எடுத்தால் சாம்பார்க் கறைகூடச் சட்டென்று தெரியாது. முதல் சில தடவை கல்லுப்புத் தண்ணீரில் தனியாக அலசுங்கள், சாயம் போகும். காரைக்குடிக் கண்டாங்கி அழகுதான், 2019-இல் புவிசார் குறியீடுகூட வாங்கியது. ஆனால் கனம். இடுப்பில் பிள்ளை இருக்கும்வரை வேண்டாம் என்பேன். கஞ்சி போடும் வேலையும் வேண்டாம்.

பதில்:
ராத்திரியே கொசுவம் மடித்து, செருகும் இடத்தில் ஊக்குக் குத்தி ஹேங்கரில் மாட்டிவிடுங்கள். புடவைக்கொரு ரவிக்கை தைக்காதீர்கள். கருப்பு, மெரூன், கடுகு மஞ்சள் போதும். அப்புறம், உள்பாவாடையில் ஒரு பாக்கெட் வைக்கச் சொல்லுங்கள். போன், சில்லறை எல்லாம் அடங்கும்.

பதில்:
எதற்குப் புடவை? குர்த்தியையே அளவெடுத்து நல்ல கைத்தறித் துணியில் தைத்தால் போச்சு. தொளதொளப்புதான் உங்களைச் சோர்வாகக் காட்டுகிறது.

கேட்டவர்:
எனக்குப் புடவைதான் வேண்டும் அண்ணா! இரண்டாம் சனிக்கிழமை விடுமுறை, அன்றைக்கே சுங்குடி எடுக்கிறேன். பாக்கெட்டுக்குத் தையல்கார அக்கா தனியாகக் காசு கேட்பாரா?