கறிக்கடைக் கத்திக்கு எந்தத் தீட்டுக்கருவி வாங்கலாம்? காலையில் பிடிக்கிற கூர் இரண்டாவது ஆட்டுக்குள் போய்விடுகிறது

புளியங்கட்டை:
வணக்கம். மேலூர்ப் பக்கம் ஆட்டுக்கறிக் கடை வைத்திருக்கிறேன். அப்பா இருந்தவரை கத்தி விஷயம் முழுக்க அவர் கையில்தான் இருந்தது, நான் கல்லாவையும் தராசையும் பார்த்துக்கொண்டேன். போன வருடம் அவர் தவறிய பிறகு வெட்டுகிற வேலையும் என்னிடம் வந்துவிட்டது. சாதாரண நாளில் இரண்டு ஆடு, ஞாயிறு என்றால் ஏழெட்டு.

கத்தி மூன்று இருக்கிறது. எலும்பு வெட்ட ஒரு பெரிய வெட்டுக்கத்தி, லாரி ஸ்பிரிங் பட்டையில் திருப்பாச்சேத்தியில் அடித்தது. தோல் உரிக்க வளைந்த இரும்புக் கத்தி. எலும்பிலிருந்து கறியைப் பிரிக்க ஆறு அங்குல ஸ்டெயின்லெஸ் கத்தி, இதுதான் நாள் முழுக்கக் கையில் இருப்பது.

முன்பு தெருவில் சைக்கிளில் சாணைக்காரர் வருவார், இப்போது வருவதில்லை. ஒரு வெல்டிங் பட்டறையில் கொடுத்து மூன்றையும் சாணை பிடித்தேன், பொறி பறக்கப் பறக்கப் பிடித்துக் கொடுத்தார்கள், பார்க்கப் பளபள என்று இருந்தது. அப்புறம் ஆன்லைனில் 350 ரூபாய்க்கு, கத்தியை நடுவில் விட்டு இழுக்கிற மாதிரி ஒரு கருவி வாங்கினேன். காலையில் நாலு இழுப்பு இழுத்தால் பேப்பர் சர்ரென்று கிழிகிறது. ஆனால் இரண்டாவது ஆட்டில் சப்பையைப் பிரிக்கும்போதே சவ்வின் மேல் வழுக்க ஆரம்பிக்கிறது, அழுத்தினால் கறி பிய்ந்து நார்நாராக வருகிறது. போன ஞாயிறு அப்படி அழுத்தும்போதுதான் கத்தி நழுவி இடது ஆள்காட்டி விரலில் மூன்று தையல்.

கரண்டில் ஓடுகிற தீட்டும் மெஷின் ஆறாயிரம் சொல்கிறார்கள். அதை வாங்கட்டுமா, தீட்டுகிற கல் வாங்கட்டுமா, கத்தியைத் தடவுகிற கம்பியா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சாணை வீட்டுப் பிள்ளை:
தம்பி, முதலில் விரலைக் கவனியுங்கள், தையல் பிரிக்கும்வரை கறித் தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எங்கள் அப்பாவும் தாத்தாவும் சாணைக்காரர்கள், நானும் பள்ளிக்கூட விடுமுறையில் சக்கரம் மிதித்தவன்தான். மெஷின் வாங்குவதை இரண்டு நாள் தள்ளிப்போட்டு, நான் கேட்பதைப் பார்த்துச் சொல்லுங்கள்.

ஸ்டெயின்லெஸ் கத்தியைக் கருவியில் இழுத்தவுடன், பெருவிரல் நகத்தை முதுகுப் பக்கத்திலிருந்து கூர் பக்கமாக மெதுவாகத் தள்ளிக்கொண்டு வந்து விளிம்பைத் தாண்டி இறக்குங்கள். கூரின் நீளவாக்கில் விரலை ஓட்டக் கூடாது, குறுக்கேதான். இரண்டு பக்கமும் பாருங்கள். எந்தப் பக்கமாவது நகத்தில் ஏதாவது மாட்டுகிறதா?

அடுத்து, கூர் மேலே பார்க்கும்படி கத்தியை விளக்கு வெளிச்சத்தில் பிடியுங்கள். கூரான விளிம்பு வெளிச்சத்தைத் திருப்பிக் காட்டாது. எங்கே மின்னுகிறதோ அங்கே மழுங்கியிருக்கிறது என்று அர்த்தம்.

பட்டறையில் பிடித்த இரும்புக் கத்திகளில் எங்காவது நீலமோ ஊதாவோ ஏறியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

புளியங்கட்டை:
அண்ணே, பார்த்தேன். ஸ்டெயின்லெஸ் கத்தியில் வலது பக்கம் நகம் வழவழப்பாக இறங்குகிறது, இடது பக்கம் கொக்கி மாதிரி மாட்டுகிறது, ஏறக்குறைய முழு நீளத்துக்கும். இரண்டு ஆடு முடித்த பிறகு வெளிச்சத்தில் பிடித்தால் நடுப்பகுதி வெள்ளிக் கம்பி போல மின்னுகிறது.

தோல் உரிக்கிற கத்தியின் முனையில் இரண்டு விரற்கடை அளவு நீலம் ஏறியிருக்கிறது. நான் துரு என்று நினைத்துக் கல் உப்பு போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தேன். வெட்டுக்கத்தியில் நிறம் ஒன்றும் இல்லை, ஆனால் விளிம்பில் அரிசி மணி அளவில் நாலைந்து இடம் தெறித்திருக்கிறது.

சாணை வீட்டுப் பிள்ளை:
அப்படியென்றால் மூன்று கத்திக்கும் மூன்று நோய்.

நகத்தில் மாட்டுவது பிசிறு. இரும்பைத் தேய்க்கும்போது விளிம்பில் மெல்லிய தகடு ஒன்று எதிர்ப்பக்கம் மடிந்து நிற்கும். உங்கள் கருவிக்குள் 'வி' வடிவில் இரண்டு கடினமான துண்டுகள் இருக்கின்றன, அவை கத்தியைத் தீட்டுவதில்லை, இரும்பைச் சுரண்டி எடுக்கின்றன. சுரண்டிய விளிம்பில் பிசிறு நிறைய நிற்கும், அந்தப் பிசிறுதான் பேப்பரைக் கிழிக்கிறது. ஆட்டின் எலும்பில் இரண்டு முறை உரசியதும் அது மடங்கிவிடும், நீங்கள் வெட்டுவது மடங்கிய தகட்டை வைத்து. காலையில் கூர், எட்டு மணிக்கு மழுங்கல் என்பதற்குக் காரணம் இதுதான். கத்தி கெட்டது இல்லை. நல்ல ஸ்டெயின்லெஸ் கறிக்கத்திகள், விக்டோரினாக்ஸ் மாதிரி, இரும்பின் கடினத்தைச் சொல்கிற ராக்வெல் அளவில் 56ஐ ஒட்டித்தான் இருக்கும், அந்தப் பதத்துக்குப் பிசிறில்லாமல் தீட்டினால் நாலைந்து ஆடு தாங்க வேண்டும்.

நீலம் என்பது பட்டறைக்காரர் செய்த கேடு. பெஞ்சு கிரைண்டர் நிமிடத்துக்கு 2,800 சுற்றுக்கு மேல் ஓடும். கத்தி முனையில் இரும்பு கொஞ்சம்தான் இருக்கிறது, சூட்டை வாங்கிக்கொள்ள இடம் இல்லை, ஒரே வினாடியில் ஏறிவிடும். நீலம் தெரிகிறது என்றால் 300 டிகிரியை ஒட்டிப் போயிருக்கிறது, கொல்லர் போட்ட தோய்ச்சல், அதாவது காய்ச்சி முக்கி ஏற்றிய கடினம், அந்த இடத்தில் இறங்கிவிட்டது. உப்பு போட்டால் நிறம் போகலாம், பதம் திரும்பாது. எங்கள் அப்பா கல்லில் மூன்று தடவை வைத்தால் ஒரு தடவை தகர டப்பாத் தண்ணீரில் முக்கி எடுப்பார். சூட்டைத் தெரிந்துகொள்ளக் கையுறை போடாமல்தான் பிடிப்பார்.

வாங்க வேண்டியது ஒரு கல். ஒரு பக்கம் 400, மறுபக்கம் 1000 எண் உள்ள தண்ணீர்க் கல். 3000, 6000 என்று மேலே போக வேண்டாம், கறிக்கு அவ்வளவு வழவழப்பு ஆகாது, சவ்வைக் கவ்விப் பிடிக்க விளிம்பில் கொஞ்சம் பல் இருக்க வேண்டும். வெட்டுக்கத்திக்குக் கடையில் கிடைக்கிற சாதாரண கார்போரண்டம் கல்லே போதும்.

நட்சத்திர அடுப்பு:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். ஹோட்டல் சமையலறையில் பதினைந்து வருடம் வேலை பார்க்கிறேன். கல்லில் கோணம் பிடிப்பது ஒரு நாளில் வருகிற வித்தை இல்லை. கடை திறக்கும் நேரத்தில் இவர் கல்லோடு உட்கார முடியுமா? நல்ல மெஷின் என்றால் கோணம் தானாக அமையும், எங்கள் இடத்தில் அதைத்தான் வைத்திருக்கிறோம், காய் நறுக்கும் பையன்கூட இரண்டு நிமிடத்தில் தீட்டிவிடுவான்.

சாணை வீட்டுப் பிள்ளை:
காய் நறுக்கும் கத்திக்கு நீங்கள் சொல்வது சரி, மறுக்கவில்லை. ஆனால் இவர் கத்தி எலும்போடு வேலை செய்கிறது, தினமும் தீட்ட வேண்டும். மெஷின் ஒவ்வொரு தடவையும் இரும்பை எடுக்கும், ஒரு வருடத்தில் ஆறு அங்குலக் கத்தி ஊசி மாதிரி ஒல்லியாகிவிடும். வளைந்த கத்தியின் முனை அந்த இடுக்கில் சரியாக உட்காராது, வெட்டுக்கத்தி உள்ளேயே போகாது. ஆறாயிரம் கொடுத்து மூன்றில் ஒரு கத்திக்குத்தான் வழி.

தம்பி, கோணத்துக்கு ஒரு கணக்குச் சொல்கிறேன். உங்கள் ஸ்டெயின்லெஸ் கத்தி அகலம் இரண்டரை செ.மீ. இருக்குமா? கல்லின் மேல் படுக்க வைத்து முதுகை எட்டு, ஒன்பது மில்லிமீட்டர் தூக்கினால் 20 டிகிரி. ஒரு பென்சில் தடிமனைவிடக் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். தீட்டும் முன் விளிம்பில் கறுப்பு மார்க்கர் பேனாவால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். இரண்டு தடவை தேய்த்துப் பாருங்கள், மை விளிம்பில் மட்டும் அழிந்தால் கோணம் அதிகம், மேலே மட்டும் அழிந்தால் குறைவு, முழுக்க அழிந்தால் சரி.

ஒரு பக்கம் முழு நீளத்துக்கும் பிசிறு வரும்வரை தேய்த்து, அப்புறம்தான் மறுபக்கம். கடைசியில் அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே வந்து பக்கத்துக்கு ஒன்றாக மாற்றி மாற்றி, கத்தியின் எடை மட்டும் கல்லில் இருக்கிற மாதிரி பத்துத் தடவை. நகத்தில் இரண்டு பக்கமும் மாட்டக் கூடாது. இந்தக் கடைசிப் பத்தை விட்டால் கல்லுக்கும் அந்த 350 ரூபாய்க் கருவிக்கும் வித்தியாசம் இல்லை. கல்லில் தேங்காய் எண்ணெய் விடாதீர்கள், கல்லின் கண் அடைத்துவிடும், தண்ணீர்தான்.

பனிக்கூடம்:
நான் ஆஸ்திரேலியாவில் ஆட்டிறைச்சிக் கூடத்தில் எலும்பு பிரிக்கிற வரிசையில் நிற்கிறேன், ஊர் மன்னார். அண்ணன் கல்லைப் பற்றிச் சொன்னது எல்லாம் சரி, நான் கம்பியைப் பற்றிச் சொல்கிறேன்.

இங்கே கல்லில் தீட்டுவது வேலை தொடங்கும் முன். வேலை நடக்கும்போது எல்லோர் இடுப்பிலும் ஒரு கம்பி தொங்கும். சில நிமிடத்துக்கு ஒரு தடவை, மழுங்குவதற்கு முன்பே, பக்கத்துக்கு இரண்டு மூன்று தடவல். கம்பி இரும்பை எடுக்காது, சாய்ந்த விளிம்பை நிமிர்த்தும், ஆகவே வழவழப்பான கம்பியாகப் பார்த்து வாங்குங்கள். வைரத்தூள் ஒட்டிய கம்பியும் விற்கிறார்கள், அது தேய்க்கிற சாமான், இந்த வேலைக்கு வேண்டாம். வீடியோவில் காட்டுகிற மாதிரி சரக் சரக்கென்று வீசவும் வேண்டாம். கம்பியின் நுனியைக் கட்டையில் ஊன்றி நிறுத்தி, கல்லில் பிடித்த அதே கோணத்தில் மேலிருந்து கீழே தடவுங்கள், ஈரத்துணியால் மேசையைத் துடைக்கிற அழுத்தம் போதும். கம்பியில் கொழுப்பு படிந்தால் வேலை செய்யாது, வழுக்கத்தான் செய்யும், அடிக்கடி சுடுதண்ணீரில் கழுவித் துடையுங்கள்.

இன்னொன்று. இங்கே கத்தியை ஆளுக்கு இரண்டு வைத்து, ஒன்று கையில் இருக்க மற்றது கிருமி போக 82 டிகிரித் தண்ணீரில் இருக்கும். அந்தச் சூடு உங்களுக்குத் தேவைப்படாது, ஆனால் இரண்டாவது கத்தி ஒன்று தீட்டித் தயாராக இருந்தால் ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் மழுங்கிய கத்தியோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை. இடது கைக்குச் சங்கிலிக் கையுறை ஒன்று வாங்கிவிடுங்கள். அது இல்லாமல் எங்களை வரிசையில் நிற்க விடமாட்டார்கள். கல்லுக்கு முன்னால் அதைத்தான் வாங்கச் சொல்வேன்.

புளியங்கட்டை:
இருவருக்கும் மிக்க நன்றி. வெட்டுக்கத்தி தெறிப்பதற்கு என்ன செய்வது அண்ணே? அப்பா காலத்தில் தெறித்து நான் பார்த்ததே இல்லை.

சாணை வீட்டுப் பிள்ளை:
பட்டறையில் பளபளப்புக்காக விளிம்பை ஒல்லியாக்கிவிட்டார்கள். வெட்டுக்கத்தி சீவுவதற்கு இல்லை, பிளப்பதற்கு, விளிம்பின் பின்னால் சதை இருக்க வேண்டும். பக்கத்துக்கு 25 முதல் 30 டிகிரி. கத்தி எட்டு செ.மீ. அகலம் என்றால் முதுகை மூன்றரை செ.மீ. தூக்க வேண்டும். கார்போரண்டம் கல்லின் சொரசொரப்புப் பக்கத்தில் தெறிப்பு மறையும்வரை தேயுங்கள், இரண்டு மூன்று நாளில் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்யலாம், அவசரமில்லை. கடையில் கறியைக் கிரானைட் மேடையிலோ ஸ்டீல் மேசையிலோ வைத்து வெட்டுகிறீர்களா? கட்டையைத் தவிர வேறு எதிலும் எந்தக் கத்தியும் படக் கூடாது.

புளியங்கட்டை:
இருபது நாள் கழித்து எழுதுகிறேன். கல் 400/1000, ஒரு வழவழப்பான கம்பி, கையுறை மூன்றும் வாங்கினேன், எல்லாம் சேர்த்து மெஷின் விலையில் பாதிகூட வரவில்லை. முதல் இரண்டு நாள் பிசிறு போகவே இல்லை, கோபம் வந்தது. மூன்றாம் நாள் ராத்திரி கடை கழுவிய பிறகு மார்க்கர் போட்டு நிதானமாக உட்கார்ந்தேன், கடைசிப் பத்துத் தடவலில் கல்லின் சத்தமே மாறியது, கரகரப்பு போய் பட்டுத்துணியை இழுக்கிற மாதிரி. நகத்தில் இரண்டு பக்கமும் மாட்டவில்லை. இந்த ஞாயிறு ஏழு ஆடு, நடுவில் கம்பி மட்டும்தான். தொடையில் எலும்பைச் சுற்றிக் கத்தி தானாகப் போகிறது, எலும்பில் கறி ஒட்டி நிற்பதும் குறைந்திருக்கிறது.

இரண்டு சந்தேகம் பாக்கி. கல்லின் நடுவில் லேசாகப் பள்ளம் விழுகிறது. தோல் உரிக்கிற கத்தி முனை எவ்வளவு தீட்டினாலும் நிற்கவில்லை.

சாணை வீட்டுப் பிள்ளை:
படித்ததும் மனசு நிறைந்துவிட்டது தம்பி, அந்தச் சத்தத்தைக் காதில் வாங்கிவிட்டீர்கள், இனி உங்களுக்குக் கை வந்துவிடும்.

பள்ளத்துக்கு, சமமான சிமென்ட் தரையில் தண்ணீரும் சலித்த மணலும் போட்டுக் கல்லைக் குப்புற வைத்து வட்டமாகத் தேயுங்கள். முன்னாலேயே கல்லில் பென்சிலால் கட்டம் போட்டுக்கொண்டால் எங்கே அழியவில்லையோ அதுதான் பள்ளம், முழுக்க அழியும்வரை தேயுங்கள். வாரம் ஒரு தடவை செய்தால் பள்ளம் பெரிதாகாது.

முனை விஷயத்தில் கல் ஒன்றும் செய்யாது, அந்த இரண்டு விரற்கடையும் பதம் இறங்கிய இரும்புதான். திருப்பாச்சேத்தி போகும்போது கொல்லரிடம் காட்டி மறுபடி தோய்ச்சல் போடச் சொல்லுங்கள், பிடியைக் கழற்றிவிட்டுக் கொடுங்கள். அதுவரை முனையை விட்டுவிட்டுக் கத்தியின் வளைந்த வயிற்றுப் பகுதியால் உரியுங்கள்.

புளியங்கட்டை:
வெள்ளிக்கிழமை கடை லீவு, அன்றைக்கே போகிறேன் அண்ணே. வெட்டுக்கத்தியையும் எடுத்துப்போகிறேன், அடித்தவர் பட்டறை இன்னும் இருக்கிறதாம், அப்பா பெயரைச் சொன்னதும் போனிலேயே கத்தியின் நீளத்தைச் சொன்னார்.