எதிர்மறை ரிவ்யூ குவிஞ்ச எக்ஸ்பான்ஷனை வாங்கலாமா?

கோட்டைவாசல்:
ஒரு ஸ்ட்ராடஜி கேமுக்குப் புது எக்ஸ்பான்ஷன், அதாவது தனியா விக்கிற கூடுதல் பகுதி, வந்திருக்கு. பேஸ் கேம் (மூல கேம்) விலையில கிட்டத்தட்ட பாதி கேக்குறாங்க. கேம் விக்கிற ஆன்லைன் கடையான ஸ்டீம்ல ரிவ்யூ பெரும்பாலும் எதிர்மறைதான். சிலர் விலையைத் திட்டுறாங்க, சிலர் கிராஷ் ஆகுதுங்கறாங்க, இன்னும் சிலர் பேஸ் கேம்லயே இருந்திருக்க வேண்டியதைத் தனியா விக்கிறாங்கன்னு கொதிக்கிறாங்க. எதை வெச்சு முடிவு பண்றது? இனி வரப்போறதையும் சேர்த்து முன்கூட்டியே மொத்தமா வாங்குற சீசன் பாஸா எடுத்தா மலிவா வருது, அப்படி எடுக்கலாமா? ரிவ்யூ போட்டா கம்பெனி உண்மையிலேயே காது கொடுக்குமா?

பிக்சல்காரன்:
அந்த மூணு புகாரையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பிக்காதீங்க. கிராஷ்னா பேட்ச் (திருத்தின அப்டேட்) வர்ற வரைக்கும் பொறுக்கலாம். விலைன்னா சேல்ல இறங்கும். உள்ளடக்கமே குறைவுன்னா அது தானா மாறாது, அதைத்தான் முதல்ல பாக்கணும்.

பாக்குற வழி இது. ஸ்ட்ராடஜி கேம்கள்ல எக்ஸ்பான்ஷன் வர்ற அதே நாள்ல பெரும்பாலும் எல்லாருக்கும் ஒரு இலவச பேட்ச்சும் வரும். டிரெய்லர்ல காட்டுற புது வசதிகள்ல சில இலவச பேட்ச்லயே இருக்கலாம். ஸ்டோர் பக்கத்துல இருக்கிற பட்டியலையும் பேட்ச் குறிப்பையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு, இலவசமா வர்றதை எல்லாம் அடிச்சிடுங்க. மிஞ்சுறதுக்குத்தான் நீங்க காசு கொடுக்குறீங்க. சில நேரம் நாலு யூனிட்டும் ஒரு மேப்பும்தான் மிஞ்சும்!

இன்னொரு விஷயம்: வாங்கலைன்னாலும் அந்த பேட்ச் இறங்கிடும், பழைய சேவும் மோடும் (ஆட்டக்காரங்க செஞ்ச மாற்றங்கள்) உடையலாம். ஓடிட்டு இருக்கிற கேம்பெயினை முடிக்கணும்னா ஸ்டீம்ல கேம் மேல ரைட் கிளிக், பிராப்பர்ட்டீஸ், பீட்டாஸ். பழைய வெர்ஷனை டெவலப்பர் விட்டுவெச்சிருந்தா அங்க கிடைக்கும்.

சேவ்ஃபைல்:
ரீஃபண்ட் கணக்கையும் தெரிஞ்சுக்கோங்க. ஸ்டீம்ல டிஎல்சி (எக்ஸ்பான்ஷன் மாதிரி தனியா வாங்குற கூடுதல் உள்ளடக்கம்) வாங்கி 14 நாளுக்குள்ள கேக்கணும். வாங்கினதுக்கு அப்புறம் பேஸ் கேம் 2 மணி நேரத்துக்குக் கம்மியா ஓடியிருக்கணும். முன்னாடி 500 மணி நேரம் ஆடியிருந்தாலும் அது கணக்குல வராது. ஆனா ஆட்டத்தை நடுவுல நிறுத்திவெச்சுட்டு எழுந்து போனாலும் மீட்டர் ஓடும். அதனால வாங்கின உடனே புது ஃபேக்ஷன்ல (அணியில) கேம்பெயின் ஆரம்பிச்சு, எது புதுசுங்கறதை மட்டும் பாருங்க. ஒரு தடவை பயன்படுத்தினா தீர்ந்துபோற கரன்சி, லெவல் பூஸ்ட் மாதிரியானதுக்கு இந்தச் சலுகை கிடையாது.

ப்ளேஸ்டேஷன்ல இன்னும் கறார். டவுன்லோட் ஆரம்பிச்சாலே பொதுவா ரீஃபண்ட் போச்சு. தானா இறங்குற செட்டிங்கை முதல்லயே அணைச்சிடுங்க. டிஸ்க் வெச்சிருக்கறவங்க அதோட ரீஜனும் டிஎல்சி வாங்குற அக்கவுண்டோட ரீஜனும் ஒண்ணான்னு பாக்கணும், இல்லைன்னா டிஎல்சி வேலை செய்யாது.

நாலாவது_திருப்பம்:
கம்பெனி காது கொடுக்குமான்னா, கொடுத்திருக்காங்க. 2023 ஆகஸ்ட்ல டோட்டல் வார்: வார்ஹாமர் 3-க்கு 24.99 டாலர்ல ஷேடோஸ் ஆஃப் சேஞ்ச்ங்கிற டிஎல்சி வந்துச்சு. முந்தின பேக்குகளோட ஒப்பிட்டு, இந்த விலைக்குச் சரக்கு பத்தாதுன்னு ஆட்டக்காரங்க விடாம எழுதினாங்க. 2024 பிப்ரவரியில வாங்கினவங்களுக்கு இலவசமா கூடுதல் உள்ளடக்கம் வந்துச்சு. 2017-ல ஸ்டார் வார்ஸ் பேட்டில்ஃப்ரண்ட் 2-ல டார்த் வேடர் கதாபாத்திரத்தைத் திறக்க, ஆடிச் சேர்க்கிற கிரெடிட் 60,000 கேட்டாங்க. எதிர்ப்பு வெடிச்சதும் அது 15,000 ஆச்சு. கேமுக்குள்ள நிஜக் காசு கொடுத்து வாங்குற வசதியையும் ரிலீஸுக்கு முன்னாடியே நிறுத்தினாங்க.

உங்க சீசன் பாஸ் கேள்விக்கு சிட்டீஸ்: ஸ்கைலைன்ஸ் 2-ஐப் பாருங்க. 2024 மார்ச்ல 9.99 டாலருக்கு வந்த பீச் ப்ராப்பர்ட்டீஸ் டிஎல்சிக்கு அடி விழுந்துச்சு. பேஸ் கேமே இன்னும் தடுமாறிட்டு இருக்கும்போது கட்டண டிஎல்சியான்னு எல்லாருக்கும் கோபம், நியாயமான கோபம். அடுத்த மாசமே அதை இலவசமாக்கிட்டாங்க. தனியா வாங்கினவங்களுக்குக் காசு திரும்பிச்சு. டிஎல்சிகளையும் சேர்த்து முன்கூட்டியே அல்டிமேட் எடிஷனா வாங்கினவங்களுக்குக் காசு வரலை, பதிலுக்கு வேற பேக்குகள் கொடுத்தாங்க. மொத்தமா முன்கூட்டி வாங்கினா பிடி உங்க கையில இருக்காது.

2024 கடைசியில ஸ்டீம் சீசன் பாஸுக்கு விதி கொண்டுவந்திருக்கு: உள்ள என்னென்ன டிஎல்சி, எப்போ வரும்னு பட்டியல் போடணும், வராமப் போனா ரீஃபண்ட் தரணும். பட்டியல்ல ஒரு வரி விளக்கம் மட்டும் இருந்தா நான் எடுக்க மாட்டேன்.

பிக்சல்காரன்:
ஆனா ரிவ்யூ போடும்போது கோபத்தை பேஸ் கேம் பக்கத்துல போய்க் கொட்டாதீங்க. டிஎல்சிக்குன்னு தனி ரிவ்யூ பக்கம் இருக்கு. "பேராசை"ன்னு ஒரு வார்த்தை எழுதினா டெவலப்பருக்குத் திருத்த ஒண்ணும் இல்லை. எந்த வெர்ஷன், எந்த மிஷன், எது குறையுது, என்ன விலைன்னா வாங்குவீங்க, இதை எழுதுங்க.

சேவ்ஃபைல்:
அதை ரீஃபண்ட் படிவத்துல இருக்கிற குறிப்புப் பெட்டியிலயும் எழுதுங்க. பெயர் இல்லாம டெவலப்பர் அதைப் படிக்க முடியும். ரிவ்யூவை விட அதுக்குக் கனம் அதிகம், ஏன்னா கூடவே ஒரு விற்பனையும் கழியுது. 2006-ல ஆப்லிவியன்ங்கிற கேமோட குதிரைக் கவசத்தை 2.50 டாலருக்கு வித்தப்போ ஊரே சிரிச்சுது. ஆனா வாங்கவும் செஞ்சாங்க, அந்த வியாபாரமும் நிக்கலை.

கோட்டைவாசல்:
பட்டியலை அடிச்சுப் பாத்தேன். ரெண்டு ஃபேக்ஷன் மிஞ்சுது, மத்ததெல்லாம் இலவச பேட்ச்ல இருக்கு. இந்த விலைக்கு வேண்டாம், சீசன் பாஸும் வேண்டாம். விஷ்லிஸ்ட்ல போட்டுட்டேன்.

நாலாவது_திருப்பம்:
சேல் வரும்போது பண்டிலையும் (பலதைச் சேர்த்து விக்கிற தொகுப்பு) பாருங்க. "தொகுப்பை முடி" வகை பண்டில்னா ஏற்கெனவே வெச்சிருக்கிறதைக் கழிச்சுட்டு மீதிக்கு மட்டும்தான் வாங்கும், தள்ளுபடியும் சேரும். பேக்கேஜா இருந்தா முழு விலை, கையில இருக்கிறதுக்கும் சேர்த்து. கார்ட்ல போட்டதும் தொகை குறையுதான்னு பாத்துட்டு அப்புறம் கட்டுங்க.