மறு: சித்திரப் பாடத்தில் ‘டெக்ஸ்ச்சர்’: இழையமைப்பா, ஊறா?

சித்திர ஆசிரியை, கோண்டாவில்:

எல்லோருக்கும் வணக்கம். ஓவியத்தையும் கவிதையையும் பார்த்து, கண்டதைச் சொல்லில் எழுதப் பழக்கும் சிறு கையேடு ஒன்றைத் தரம் 10 பிள்ளைகளுக்காகத் தயாரிக்கிறேன். திங்கட்கிழமை அச்சகத்துக்குக் கொடுக்கவேண்டும். கோடு, வடிவம், நிறம், வெளி எல்லாம் சரி. டெக்ஸ்ச்சர், அதாவது ஒரு பொருள் வழவழப்பா சொரசொரப்பா என்கிற குணம், அதற்கான தமிழ்ச்சொல் மட்டும் இழுபடுகிறது.

நேற்று ஒரு கடகத்தின்மேல் (பனையோலைக் கூடை) தாளை வைத்துப் பென்சிலைப் படுக்கவைத்து உரசச் சொன்னேன். ஓலைப் பின்னல் அப்படியே தாளில் எழும்பியது. பிறகு பூச்சு உதிர்ந்த சுவரின் சுண்ணக்கல்லில் உரசினார்கள். அதில் குழியும் புள்ளியுமாக வேறொன்று வந்தது. “இதை என்னெண்டு எழுதுறது ரீச்சர்?” என்றார்கள். பலகையில் ‘இழையமைப்பு’ என்று எழுதினேன். முன்வரிசைப் பிள்ளை ஒருத்தி, “விஞ்ஞானத்தில படிச்ச இழையமோ?” என்று கேட்டாள். கலங்கள் சேர்ந்த தாவர இழையத்தைப் படித்த பிள்ளைக்கு வேறு எப்படித் தோன்றும்?

தமிழாசிரியர் (ஓய்வு), நல்லூர்:

தங்கச்சி, நன்னூல் உரியியலைத் திறந்து பாருங்கோ. உயிரல் பொருட்குணத்தை, அதாவது உயிரில்லாப் பொருள்களின் குணத்தைச் சொல்லும் இடத்தில் வடிவு, நாற்றம், வண்ணம், சுவை என்று வந்து ‘ஊறெட்டு’ என்று முடிகிறது. வள்ளுவரும் ‘சுவையொளி ஊறோசை நாற்றம்’ என்றார். தொட்டு அறிவது ஊறு. வெம்மை, தண்மை, மென்மை, வன்மை, நொய்மை, திண்மை, இழுமெனல், சருச்சரை என எட்டும் எண்ணி வைத்திருக்கிறார்கள். உங்கள் கடகத்தின் சொரசொரப்பு சருச்சரை. துலக்கிய செம்பின் வழவழப்பு இழுமெனல்.

இன்னொன்றையும் கவனியுங்கோ. தொல்காப்பியர் செய்யுளியலில் ‘இழுமென் மொழி’ என்கிறார். கைக்குப் பட்ட வழவழப்பைக் காதுக்கும் அதே சொல்லால் சொன்ன மொழி இது. ஓவியத்துக்கும் கவிதைக்கும் ஒரே சொல் வேண்டுமென்றால் அது ஊறுதான். பெறு பேறானதுபோல உறு ஊறானது. உறவு, உற்றார், உறுப்பு எல்லாம் இந்த வேரில் கிளைத்தவை. உற்றார் என்றால் வந்து பொருந்தியவர். உறுப்பு என்றால் உடலோடு பொருந்தியது. உறுதியையும் இங்கேதான் சேர்ப்பேன், அதைப் பிறகு விரிவாக எழுதுகிறேன்.

மொழிபெயர்ப்பாளர், சுன்னாகம்:

ஐயா, இன்றைய பிள்ளைக்கு ஊறு என்றால் கேடு. ‘இந்த ஓவியத்தின் ஊறு யாது?’ என்று வினாத்தாளில் வந்தால் அவன் ஓவியத்தின் குறைகளை எழுதிவிட்டு வருவான், புள்ளியையும் இழப்பான். மேலும், ஓவியத்தை நாம் தொடுவதில்லை. வழவழத்த தாளிலும் பனையின் சொரசொரப்பை வரையலாம்; அதைக் காண்பது கண். ‘மேற்பரப்புத் தன்மை’ என்று எழுதுங்கள், விளக்கவே தேவையில்லை.

19ஆம் நூற்றாண்டில் மானிப்பாயில் கிறீன் வைத்தியர் மருத்துவத்தைத் தமிழில் கற்பித்தார். அவர் பெயர்த்த நூலொன்றின் தலைப்பு ‘அங்காதிபாதம், சுகரணவாதம், உற்பாலனம்’. அந்த உழைப்பை நான் வணங்குகிறேன். ஆனால் உடற்கூற்றியல், உடற்றொழிலியல், சுகாதாரம் என்றால்தான் இன்று விளங்கும்.

நல்லூர்:

அவை வடமொழிச் சொற்கள், ஊறு நம்முடையது. இரண்டையும் ஒரே தட்டில் வைக்கக்கூடாது. ‘மேற்பரப்புத் தன்மை’ சொல்லே அல்ல, விளக்கம். கவிதைக்கு மேற்பரப்பு எங்கே இருக்கிறது?

வாசகர், வட்டுக்கோட்டை:

கவிதைக்கு வண்ணம், அதாவது ஓசை நயம் இருக்கிறதே. தொல்காப்பியர் வல்லிசை, மெல்லிசை, உருட்டு, முடுகு என 20 வண்ணம் சொல்கிறார். அவற்றில் ஒன்றின் பெயரே சித்திர வண்ணம்! நெட்டெழுத்தும் குற்றெழுத்தும் கலந்து வருவது. சித்திர வகுப்புக்கு இதைவிடப் பொருத்தமாக வேறென்ன வேண்டும்?

கோண்டாவில்:

வண்ணம் என்றதும் பிள்ளைகள் நிறப்பெட்டியைத்தான் எடுப்பார்கள் ஐயா. வேண்டாம்.

இன்று பலகையில் சருச்சரை, இழுமெனல் இரண்டையும் எழுதி, பொருள் சொல்லாமல் வாசிக்க மட்டும் விட்டேன். “சருச்சரை எண்டு சொல்லேக்கயே நாக்கு உரசுது ரீச்சர்” என்றாள் அந்த முன்வரிசைப் பிள்ளை. உரசிய தாள்களை அவர்களே இரண்டு கட்டாகப் பிரித்தார்கள். சுண்ணக்கல் தாள் எந்தக் கட்டில் என்று சண்டைகூடப் பிடித்தார்கள்.

அதனால் தலைப்பு ‘மேற்பரப்புத் தன்மை’. அதன் கீழே வகைகளாக இழுமெனலும் சருச்சரையும். கவிதைப் பகுதியில் ‘இழுமென் மொழி’. தனிமடலில் எழுதியவர்களிலும் பலர் இதற்கே சம்மதித்திருக்கிறார்கள்.

நல்லூர்:

எனக்குச் சம்மதமில்லை. ஊறின் வகைகளை எடுத்துக்கொண்டு ஊறை மட்டும் விட்டால் அவை எதன் வகைகள் என்று ஒரு பிள்ளை கேட்கும். என்ன பதில் சொல்வீர்கள்?

கோண்டாவில்:

ஒன்பதாம் பக்கத்தின் அடியில் ஒரு வரிக்கு இடமிருக்கிறது ஐயா. நாளை மாலைக்குள் எழுதி அனுப்புங்கோ.