6,000 காஸில் வளைந்த கோடு: மெல்லிய படலங்களில் ஹால் விளைவு அளந்தவர்கள் எழுதுங்கள்

கஞ்சமலை மகள்:
எம்.ஃபில். படித்தபோது கண்ணாடித் தகட்டில் 40 நானோமீட்டர் நிக்கல் படியவைத்து, அதில் மின்னோட்டம் செலுத்தி, செங்குத்தாகக் காந்தப்புலம் கொடுத்து, ஓட்டத்துக்குக் குறுக்கே எழும் ஹால் மின்னழுத்தத்தை அளந்தேன். சேலத்து மே மாதம், பகலில் மின்வெட்டு, ஆகவே இரவில்தான் வேலை. புலத்தை ஏற்ற ஏற்ற மின்னழுத்தமும் நேராக ஏறியது. 6,000 காஸை (காஸ் காந்தப்புலத்தின் அலகு) ஒட்டி ஏற்றம் அடங்கிவிட்டது. வரைபடத்தாளில் கடைசி ஐந்து புள்ளிகள் கோட்டை விட்டுப் படுத்துக்கொண்டன. வழிகாட்டி பார்த்துவிட்டு, "கான்டாக்ட் விட்டுப்போயிருக்கிறது, அழித்துவிடம்மா" என்றார். அழித்துவிட்டேன். பதினான்கு வருடம் ஆகிறது. ரப்பர் தேய்த்த இடம் அந்தத் தாளில் இன்னும் மங்கலாகத் தெரிகிறது.

ஓமலூரான்:
உங்கள் வழிகாட்டி சொன்னதில் தவறில்லை, தங்கையே. நான் இரும்புப் படலத்தில் 8,000 காஸ் வரை ஏற்றியிருக்கிறேன். அடிமுதல் நுனிவரை நேர்கோடு, வளைவே கிடையாது. இரும்பைவிட நிக்கல் பலவீனமான காந்தம். அதில் மட்டும் எப்படி வளையும்? மீட்டர்தான் எல்லையில் முட்டியிருக்கும். எனக்கும் ஒருமுறை அப்படி ஆகி, ஒரு வாரம் வீணானது.

செவ்வாய்ப்பேட்டை:
ஓமலூர் அண்ணா, பலவீனம் என்பதால்தான் வளைகிறது. மெல்லிய படலத்தில் காந்தமாக்கம், அதாவது உள்ளிருக்கும் அணுக்காந்தங்கள் சேர்ந்து நோக்கும் திசை, தளத்தோடு படுத்திருக்கவே விரும்பும். செங்குத்தான புலம் அதைச் சிறிது சிறிதாக நிமிர்த்துகிறது. முழுவதும் நிமிர்ந்தபின் ஹால் மின்னழுத்தத்தில் காந்தமாக்கத்தின் பங்கு மேலே ஏறாது, புலத்தால் நேரடியாக வரும் சாதாரண ஹால் விளைவின் சிறு சரிவுதான் மிஞ்சும். நிக்கலுக்கு அந்த இடம் சுமார் 6,000 காஸ். இரும்புக்கு 21,000க்கும் மேல். உங்கள் மின்காந்தம் அங்கே போகவே இல்லை!

என் கதை சிறியது. எட்வின் ஹால் 1879-ல் தங்க ரேக்கில்தான் இந்த விளைவைக் கண்டார். இரண்டே ஆண்டில், இரும்பில் அது பத்து மடங்கு என்றும் சொன்னார். அதைப் படித்துவிட்டு நாட்டு மருந்துக் கடையில் வெள்ளி ரேக்கு வாங்கினேன். கண்ணாடியில் தண்ணீர் விட்டு, அதன்மேல் மிதக்கவிட்டு இறக்கினேன். கான்டாக்ட் வைக்கக் குனிந்தபோது என் மூச்சுப் பட்டு, காயாத ஓரம் எழும்பி, ரேக்கு தன்மேலேயே சுருண்டு ஒட்டிக்கொண்டது. பிரிக்க முடியவில்லை.

இனி அளக்கப்போகிறவர்களுக்குச் சொல்கிறேன். எதிரெதிர் கான்டாக்ட் இரண்டும் மயிரிழைகூட விலகாமல் அமையாது. விலகிய அளவுக்குச் சாதாரண மின்தடையின் அழுத்தமும் ஹால் அழுத்தத்தோடு கலந்துவிடும். புலத்தைத் திருப்பிப் போட்டு இரண்டு அளவுகளையும் கழித்துப் பாதியாக்குங்கள். மின்னோட்டத்தையும் திருப்புங்கள், வெப்பத்தால் வரும் அழுத்தம் பெரும்பாலும் கழிந்துவிடும். கம்பிகளை முறுக்கி வையுங்கள். படலம் மெலிய மெலிய ஹால் அழுத்தம் கூடும் என்பது உண்மை, ஆனால் அந்த ஆசையில் மின்னோட்டத்தை ஏற்றினால் படலம் சூடாகி எல்லாம் நகரும். வளைவு மீட்டருடையதா, நிக்கலுடையதா என்று அறிய ஒரு வழி உண்டு: மீட்டரின் எல்லையை மாற்றாமல் மின்னோட்டத்தை இரட்டிப்பாக்குங்கள். மீட்டர் முட்டுகிறதென்றால் வளைவு பாதிப் புலத்துக்கே இறங்கிவிடும். நிக்கல் என்றால் இடம் மாறாது.

ஓமலூரான்:
21,000 என்பதை நான் யோசிக்கவில்லை. ஆனாலும் அந்தச் சோதனையைச் செய்யாமல் நிக்கல் என்று முடிவு கட்ட மாட்டேன்.

கஞ்சமலை மகள்:
பரண்மேல் ஏறிப் பழைய நோட்டை எடுத்துவிட்டேன். வரைபடம் பென்சிலில் போட்டது, அழிந்துவிட்டது. அளவுகளைப் பேனாவில் எழுதியிருக்கிறேன். 10 மில்லிஆம்பியருக்கு ஒரு பக்கம், 20 மில்லிஆம்பியருக்கு அடுத்த பக்கம். மீட்டர் எல்லை இரண்டிலும் ஒன்றே. இரண்டாம் பக்கத்தில் அழுத்தம் இரண்டு மடங்கு. ஓமலூர் அண்ணா, இரண்டு பக்கத்திலும் 6,000-ல்தான் வளைகிறது.