தட்டில் மணற்குன்று நிற்கவே மாட்டேன் என்கிறது

5ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வறண்ட நிலப் பாடம் அடுத்த வாரம். காற்று மணலைக் குன்றாக்குவதைக் காட்ட வேண்டும். வருவதோ வெறும் வரிவரியான சிற்றலைகள்தான்.

தட்டு 60 × 40 செ.மீ., மூன்று பக்கம் 15 செ.மீ. அட்டைச் சுவர். கழுவி உலர்த்திச் சலித்த ஆற்று மணல், நடுவில் 5 செ.மீ. உயரக் கூம்பு. ஹேர் டிரையர் 50 செ.மீ. தள்ளி, சூடில்லாக் காற்று, 10 நிமிடம்.

குறைந்த வேகத்தில் ஒரு மணிகூட அசையவில்லை. கூட்டினால் கூம்பின் உச்சி குழிந்து, மணல் எதிர்ச்சுவரில் மோதித் திரும்புகிறது. அந்தச் சுவரை எடுத்தால் எல்லாம் தரையில். மேசை மின்விசிறியில் காற்று சுழன்று வந்து குன்று ஒரு பக்கமாகச் சாய்ந்தது. உறிஞ்சுகுழல்களை அடுக்கி முன்னால் வைத்ததும் சுழல் நின்றது, கூடவே வேகமும் போய்விட்டது.

நிஜப் பர்கானுக்கு (பிறை வடிவ மணற்குன்று) பல மீட்டர் நீளம் வேண்டும், தெரியும். தண்ணீருக்குள் செய்தால் சில செ.மீ.யிலேயே பிறை வந்துவிடும். ஆனால் பாலைவனத்தைத் தொட்டித் தண்ணீரில் காட்டினால் பிள்ளைகள் குழம்பிவிடுவார்கள். பிறை வடிவம்கூட வேண்டாம். காற்று வரும் பக்கம் மென்சரிவு, மறுபக்கம் 34 பாகை அளவில் மணல் வழுக்கி விழும் சரிவு, இவ்வளவு தெரிந்தால் போதும்.

இதே தட்டில் அந்த வழுக்குச் சரிவு வர எதை மாற்றுவது: மணலின் பருமனையா, காற்று விழும் கோணத்தையா?