சிறிய சர்வர் அறைக்கு எத்தனை கே.வி.ஏ. யூபிஎஸ் போதும்?

கேள்வி – கானாடுகாத்தான்

வணக்கம். எங்கள் பூர்விக வீட்டை விடுதியாக நடத்தி வருகிறோம். இரண்டாம் கட்டில் உள்ள ஓர் அறையில் இரண்டு சர்வர்கள், ஸ்டோரேஜ் பெட்டி, ஸ்விட்ச், ஃபயர்வால், சிசிடிவி ரெக்கார்டர் ஆகியவை இயங்குகின்றன. பவர் சப்ளைகளில் எழுதியிருக்கும் வாட் அளவுகளைக் கூட்டினால் 3,400 வருவதால், 5 கே.வி.ஏ. யூபிஎஸ் வாங்கச் சொல்கிறார் விற்பனையாளர். மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை 9 மணிக்கு நிறுத்தும் மின்சாரம் சில நாள்களில் மாலையில்தான் திரும்புகிறது. அதுவரை பேட்டரியிலேயே ஓட்டலாமா? விடுதிக்கு 15 கே.வி.ஏ. ஜெனரேட்டர் இருக்கிறது, ஆள் போய்த்தான் அதை இயக்க வேண்டும்.

பதில் – காரைக்குடி

பவர் சப்ளையில் எழுதியிருப்பது அது தரக்கூடிய உச்ச அளவே தவிர, சர்வர் இழுக்கும் அளவு அன்று. ஒவ்வொரு சர்வரிலும் இரண்டு பவர் சப்ளைகள் இருந்தால், ஒன்று பழுதானாலும் மற்றொன்று தாங்குவதற்காகவே அப்படி வைத்திருப்பார்கள். ஆகவே இரண்டையும் கூட்டக் கூடாது. டாங் டெஸ்டரால் (கம்பியைக் கவ்வி மின்னோட்டத்தை அளக்கும் கருவி) அளந்து பாருங்கள். லைன் கம்பியை மட்டும் அதன் வாய்க்குள் விட வேண்டும். கேபிளை முழுவதுமாகக் கவ்வினால், போகும் மின்னோட்டமும் திரும்பும் மின்னோட்டமும் ஒன்றையொன்று அழித்துப் பூஜ்யமே காட்டும். பேக்கப் ஓடும் நேரத்தில் அளந்தால்தான் உண்மையான உச்சம் தெரியும்.

கேள்வி கேட்டவர்

நேற்றிரவு அளந்தேன், 230 வோல்ட்டில் 4.6 ஆம்பியர் காட்டியது.

பதில் – காரைக்குடி

அப்படியானால் 1,058 வி.ஏ. (வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கியது; 1,000 வி.ஏ. ஒரு கே.வி.ஏ.); இக்காலச் சர்வர்களின் பவர் ஃபேக்டர் (வி.ஏ.வில் வாட்டாகப் பயன்படும் பங்கு) 1-ஐ ஒட்டியே இருப்பதால், ஏறத்தாழ 1,000 வாட் என்று கொள்ளலாம். பவர் ஃபேக்டர் 0.9 உள்ள 2 கே.வி.ஏ. ஆன்லைன் யூபிஎஸ் (மின்தடையின்போது இடைவெளியே இல்லாமல் மின்சாரம் தரும் வகை) 1,800 வாட் தரும் என்பதால், அதில் பாதிக்குச் சற்று மேல்தான் உங்கள் சுமை. இன்னொரு சர்வர் சேர்க்கும் எண்ணம் இருந்தால் மட்டும் 3 கே.வி.ஏ. வாங்குங்கள். 5 கே.வி.ஏ.வுக்குக் கொடுக்கும் பணத்தைப் பேட்டரியில் போடுவதே மேல்.

ஒரு மணி நேரத்துக்கு 1,000 வாட் என்றால், யூபிஎஸ்ஸின் இழப்பையும் சேர்த்துப் பேட்டரி 1,140 வாட்-ஹவர் அளவுக்குத் தர வேண்டும். ஒரு மணி நேரத்தில் வேகமாக இறக்கும்போது ஈய-அமில பேட்டரி தன் பெயரளவுக் கொள்ளளவில் 60 சதவீதம்தான் தருகிறது. பழையதாகும்போது 80 சதவீதமாகக் குறைவதையும் கணக்கிட்டால் 2,370 வாட்-ஹவர் வேண்டும். 72 வோல்ட் மாடலில் இது 33 ஆம்பியர்-ஹவர். ஆகவே 12 வோல்ட், 42 ஆம்பியர்-ஹவர் பேட்டரிகள் ஆறு போதும்.

எட்டு மணி நேரத்துக்கோ, மெதுவாக இறக்கும்போது பேட்டரி கூடுதல் சதவீதம் தந்தாலும், 175 ஆம்பியர்-ஹவருக்குக் குறையாது. அதை நிரப்ப 17 ஆம்பியர் அளவில் சார்ஜரும் தேவைப்படும். நாள் முழுவதும் தாங்குவது ஜெனரேட்டரின் வேலை. ஆள் வந்து அதை இயக்கும்வரை பாலமாக நிற்பதற்குத்தான் யூபிஎஸ். வாங்கும்போது லாங் பேக்கப் மாடலாக (வெளியே பெரிய பேட்டரிகளை இணைப்பதற்கேற்ற பெரிய சார்ஜர் உள்ளது) கேளுங்கள். சாதாரண மாடலின் உள்சார்ஜர் 42 ஆம்பியர்-ஹவர் பேட்டரிகளை நிரப்பத் திணறும்.

பதில் – தேவகோட்டை

அண்ணன் சொன்ன கணக்கு சரியானது. வெப்பத்தையும் எர்த்தையும் பற்றிச் சொல்ல வேண்டும். 25 டிகிரிக்கு மேல் ஏறத்தாழ ஒவ்வொரு 10 டிகிரிக்கும் பேட்டரியின் ஆயுள் பாதியாகும்; நம்மூர் வெயிலில், ஏசி இல்லாத அறையில் பேட்டரியை வைத்தால் அதன் ஆயுளை நாமே குறைப்பதாகும். ஏசியை யூபிஎஸ்ஸில் சேர்க்காதீர்கள், கம்ப்ரசர் கிளம்பும்போது இழுக்கும் மின்னோட்டத்தை அது தாங்காது. ஜெனரேட்டர் இணைப்பில் கொடுங்கள்.

பழைய வீடுகளில் எர்த் கம்பியே போகாத அறைகள் உண்டு. தனி எர்த் குழி போட்டு, கோடையில் தண்ணீர் ஊற்றி வாருங்கள். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே 3 வோல்ட்டுக்கு மேல் காட்டக் கூடாது. கம்பி இழுக்கும்போது செட்டிநாட்டு வீட்டுச் சுவர்களில் உள்ள, முட்டை வெண்கரு கலந்த சுண்ணாம்புப் பூச்சை உடைக்க விடாதீர்கள், பழையபடி பூசுவதற்கு ஆள் கிடைப்பது அரிது. சுவரோரமாகப் பிவிசி கேசிங் பட்டையில் கொண்டுபோகலாம்.

யூபிஎஸ்ஸிலிருந்து சர்வருக்கு யூஎஸ்பி கேபிள் இணைத்து, பேட்டரி 30 சதவீதத்துக்கு வந்ததும் சர்வர்கள் தாமே முறையாக அணையும்படி அமைத்துவிடுங்கள். ஜெனரேட்டர் கிளம்பாத நாளில் தரவைக் காப்பது அதுதான்.