காம்போசிஷன் (படத்துக்குள்ள எதை எங்க வைக்கிறதுன்னு) கத்துக்க ஒரே ஒரு புக் வாங்கணும்னா எது வாங்கலாம்?

மொட்டைமாடி:
எல்லாருக்கும் வணக்கம். ஊரு கோவில்பட்டி பக்கம். கேமரா வாங்கி நாலு மாசம் ஆச்சு, செகண்ட் ஹேண்ட் டிஎஸ்எல்ஆர், கூட வந்த 18-55 மிமி ஜூம் லென்ஸ் (18ல அகலமா தெரியும், 55ல கிட்டக்க இழுக்கும்) மட்டும்தான் இருக்கு. எக்ஸ்போஷர் ஓரளவு பிடிபட்டுருச்சு, மேனுவல்லயே எடுக்கேன், வெளிச்சம் சரியா வருது. ஆனா படத்தப் பாத்தா என்னமோ குறையுது, அது என்னன்னுதான் சொல்லத் தெரியல.

போன வாரம் எங்க ஆச்சி மாடில கூழ் வத்தல் போட்டுக்கிட்டு இருந்தாங்க. காலைல ஏழு மணி வெயில், வெள்ளை வேட்டிய விரிச்சு அதுமேல கரண்டில அள்ளி அள்ளி வரிசையா ஊத்துறாங்க, ஒவ்வொரு வத்தலும் வெயில்ல பளபளன்னு இருக்கு, கண்ணால பாக்கையில அவ்ளோ அழகு. ஓடிப்போய் கேமராவ எடுத்துட்டு வந்து முப்பது படம் எடுத்தேன். முப்பதுலயும் ஆச்சி நட்டநடுவுல இருக்காங்க, பின்னாடி தண்ணி டேங்க் பைப் அவங்க தலைல இருந்து கிளம்புன மாதிரி நிக்குது, வத்தல் ஒரு ஓரத்துல பாதி வெட்டுப்பட்டு கிடக்கு. எடுக்கும்போது அந்த பைப் என் கண்ணுல படவே இல்ல.

வீடியோ நிறைய பாத்துட்டேன், ஒருத்தர் ரூல் ஆஃப் தேர்ட்ஸ்னு (படத்த ஒன்பது கட்டமா பிரிச்சு முக்கியமானத நடுவுல வைக்காம கோட்டு மேல வைக்கிறது) சொல்றாரு இன்னொருத்தர் அத மறந்துருங்கன்னு சொல்றாரு. எனக்கு புக்கா உக்காந்து படிச்சாதான் மனசுல நிக்கும். மைக்கேல் ஃப்ரீமேன் எழுதுன 'தி ஃபோட்டோகிராஃபர்ஸ் ஐ'யும் ப்ரையன் பீட்டர்சன் எழுதுன 'லேர்னிங் டு சீ க்ரியேட்டிவ்லி'யும் எல்லாரும் சொல்றாங்க. இப்போதைக்கு ஒண்ணுதான் வாங்க முடியும். இங்கிலீஷ் மெதுவா படிச்சா புரியும். எது வாங்கட்டும்?

50மிமி:
ஃப்ரீமேன் வாங்குங்க ப்ரோ, யோசிக்கவே வேண்டாம். 2007ல வந்தது, நான் காலேஜ் படிக்கிறப்ப வாங்கினேன், இன்னும் மேஜை மேலதான் இருக்கு. அதுல முதல்ல ஃப்ரேம்ல இருந்துதான் ஆரம்பிக்கிறார், அதாவது அந்த நாலு கோட்டுக்குள்ள ஒரு பொருளை எங்க வச்சா கண்ணு எப்படி நகரும்னு. அப்புறம் ஒரு புள்ளி, ரெண்டு புள்ளி, கோடு, வளைவு, முக்கோணம்னு போகும். இதைச் செய் அதைச் செய்யாதேன்னு சொல்லாம, இப்படி வச்சா இப்படி ஒரு உணர்வு வருதுன்னு காரணத்தோட சொல்வார், எனக்கு பிடிச்சதே அதுதான். ஒரு நாளைக்கு ரெண்டு பக்கம் போதும்.

தாழ்வாரம்:
நான் மாத்திச் சொல்றேன் தம்பி. ஃப்ரீமேன் நல்ல புக்குதான், ஆனா நாலாவது மாசத்துல அதைக் கையில எடுத்தா டிசைன் காலேஜ் பாடப்புத்தகம் மாதிரி இருக்கும், என் பொண்ணுக்கு வாங்கிக் குடுத்து அவ முப்பது பக்கத்துல மூடி வச்சுட்டா. அப்புறம் பீட்டர்சன் வாங்கினோம், ஒரே மாசத்துல முடிச்சா. அவர் பேசுற மாதிரி எழுதுறார், இங்கிலீஷ் சுலபம், அதைவிட முக்கியம் ஒரே இடத்தை ரெண்டு விதமா எடுத்து பக்கத்துல பக்கத்துல வச்சிருப்பார். இது சுமாரா வந்தது, மூணடி நகர்ந்து குனிஞ்சு எடுத்ததும் இப்படி ஆச்சுன்னு ரெண்டையும் காட்டுவார். 1988ல முதல்ல வந்த புக்கு, நடுவுல திருத்தி திருத்தி போட்டிருக்காங்க, புது பதிப்பா பாத்து வாங்குங்க.

ஒண்ணு மட்டும் கேளுங்க, விலை கம்மின்னு ஜெராக்ஸ் மாதிரி அடிச்ச காப்பி வாங்கிடாதீங்க. நான் ஒரு தடவை ஆன்லைன்ல வாங்கி ஏமாந்திருக்கேன். எழுத்தெல்லாம் நல்லா தெரியுது, படத்துல நிழல் இருக்க இடமெல்லாம் ஒரே கறுப்பு. நிழலுக்குள்ள ஒரு ஆள் உக்காந்திருக்கிறதைப் பத்தி பக்கத்துல எழுதியிருக்கு, படத்துல அந்த ஆளையே காணோம். படத்தை வச்சு சொல்லிக் குடுக்கிற புக்குக்கு பிரிண்ட் சரியில்லன்னா அந்த காசு தண்டம்.

பழைய ஃபிலிம் ரோல்:
தம்பி, இருபத்தஞ்சு வருஷமா கல்யாண ஃபோட்டோ எடுக்கிறவன், ஃபிலிம்ல ஆரம்பிச்சவன். ரெண்டு பேரு சொன்ன புக்கும் என்கிட்ட இருக்கு. உனக்கு பீட்டர்சன். தாழ்வாரம் அக்கா சொன்ன காரணம்தான், சுமாரா வந்த படத்தையும் கூடவே காட்டுறார். எந்த காம்போசிஷன் புக்கா இருந்தாலும் கடைல எடுத்தவுடனே நடுவுல ஒரு பக்கத்த புரட்டிப் பாரு, வெறும் அழகான படமும் அதுமேல ஒன்பது கட்டம் போட்ட கோடும் மட்டும் இருந்தா அங்கயே வச்சுட்டு வந்துரு. எடுத்து முடிச்ச படத்து மேல யார் வேணா கோடு போடலாம். நீ நிக்கிறப்ப எங்க நிக்கணும், எதுக்கு அங்க நிக்கணும்னு அந்தக் கோடு சொல்லாது.

ரூல் ஆஃப் தேர்ட்ஸ் பத்தி கேட்டியே, அந்தப் பேரு கேமராவுக்கு முன்னாடியே வந்தது. ஜான் தாமஸ் ஸ்மித்னு லண்டன்காரரு 1797ல கிராமக் காட்சிய வரையிறதப் பத்தி எழுதுன புக்குல வானத்துக்கும் நிலத்துக்கும் எப்படி பங்கு பிரிக்கிறதுன்னு சொல்றப்ப அந்தப் பேர வச்சாரு, ஃபோட்டோகிராஃபின்னு ஒண்ணு இருக்குன்னு உலகத்துக்கு அறிவிச்சதே 1839லதான். அதனால அது தப்புன்னு சொல்லல, கல்யாண வீட்டுல அவசரத்துக்கு எனக்கே கைகுடுக்கும். ஆனா உன் ஆச்சி படத்துக்கு அது மருந்தில்ல. ஆச்சிய இடது பக்கம் தள்ளி வச்சாலும் பைப்பும் அவங்க தலையோட சேர்ந்து நகர்ந்துதான் வரும், ஏன்னா நீ நின்ன இடம் மாறல.

இப்படி பண்ணு. அடுத்த தடவை மாடிப்படிலயோ டேங்க் ஏணிலயோ ரெண்டு படி ஏறி நின்னு கீழ பாத்து எடு. அப்ப ஆச்சி தலைக்குப் பின்னாடி பைப்புக்கு பதிலா வெள்ளை வேட்டியும் வத்தல் வரிசையும் வந்துரும், உனக்குப் பிடிச்ச விஷயமே பின்னணி ஆயிரும். இல்லன்னா தரையோட தரையா உக்காந்து எடு, அப்ப முன்னாடி வத்தல் பெருசா இருக்கும், அதுக்குப் பின்னாடி ஆச்சி வானத்தப் பின்னணியா வச்சு தெரிவாங்க. லென்ஸ் 18ல இருந்தா கிட்டக்க இருக்கிறது பெருசா தெரியும், கூடவே மாடில இருக்க அத்தனை சாமானும் உள்ள வந்துரும். 55க்கு போய் நாலடி பின்னால வந்தா பின்னணி சுருங்கி வேண்டாதது வெளிய போயிரும். ஷட்டர் அமுக்குறதுக்கு முன்னாடி நாலு ஓரத்தையும் ஒரு சுத்து பாரு. கண்ணு ஆச்சி மேலயே இருக்கிறதாலதான் பைப் தெரியல, இது எல்லாருக்கும் நடக்கிறதுதான்.

அப்புறம் காசு வர்றப்ப பாடப்புக்கோட நிக்காம ஒரு ஆளோட படப்புக்கு ஒண்ணாவது கையில வச்சுக்கோ. நான் சொல்றது ரகுபீர் சிங். கலர்ல எடுத்தவரு, 1942ல ஜெய்ப்பூர்ல பொறந்தவரு, 1999ல போயிட்டாரு. 1967ல பீகார்ல மோங்கிர்னு ஊர்ல மழையில நாலு பொம்பளைங்க ஒட்டி ஒட்டி நிக்கிற படம் ஒண்ணு இருக்கு, நாலு பேரையும் சேர்த்து ஒரே உருவமா தெரியும், ஈரச் சேலை உடம்போட ஒட்டியிருக்க விதத்துலயே மழை எவ்ளோ பெருசுன்னு புரியும். அந்த ஒரு படத்தை நான் எத்தனை தடவை பாத்திருப்பேன்னு கணக்கே இல்ல. அவரு தமிழ்நாட்டுக்குன்னே தனியா ஒரு புக்கு போட்டிருக்காரு. நம்ம தெருவை நம்ம வெயில்ல ஒருத்தர் எப்படி ஃப்ரேம் பண்ணியிருக்காருன்னு பாக்கிறப்ப வர்ற பாடம் வெளிநாட்டு பனிமலைப் படத்துல வராது. பழைய புக்கு, விலை ஜாஸ்தியா இருக்கும். மதுரைல நத்தம் ரோட்டுல கலைஞர் நூலகம் இருக்கே, உனக்கு ரெண்டு மணி நேரம்தான், ஒரு ஞாயித்துக்கிழமை போய் ஃபோட்டோ புக்கு என்னென்ன இருக்குன்னு தேடிப் பாரு, இல்லன்னா நண்பர்கள் யார்கிட்டயாவது கேளு.

50மிமி:
அண்ணன் சொன்னதுக்கு அப்புறம் நானும் ஒத்துக்கிறேன், முதல்ல பீட்டர்சன், ஆறு மாசம் கழிச்சு ஃப்ரீமேன். நான் ரெண்டு வருஷம் எடுத்துப் பழகினதுக்கு அப்புறம்தான் அதை வாங்கினேன், அதனாலதான் எனக்கு ஈஸியா இருந்திருக்கு.

மொட்டைமாடி:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. பீட்டர்சன் ஆர்டர் போட்டாச்சு அக்கா, ஒரிஜினல் பதிப்புதானான்னு கேட்டுட்டுதான் போட்டேன். அண்ணே, இன்னைக்கு காலைல ஆச்சி மறுபடியும் மாவு கிண்டுனாங்க, நீங்க சொன்ன மாதிரி டேங்க் ஏணில மூணாவது படில நின்னு எடுத்தேன், 40ல. பைப் இல்ல! ஆச்சி நரைமுடி, கை, கரண்டி, அதுக்கு அந்தப்பக்கம் முழுக்க வத்தல். படத்தை கீழ போட்டிருக்கேன், தப்பு இருந்தா சொல்லுங்க.

பழைய ஃபிலிம் ரோல்:
நல்லா வந்திருக்கு தம்பி, மனசார சொல்றேன். ஒண்ணு பாரு, கீழ்ப்பக்கம் உன் நிழல் வேட்டி மேல விழுந்து கடைசி ரெண்டு வரிசை மங்கிப் போச்சு. ஏணிய அந்தப் பக்கம் சாத்த முடியுமா? முடியலன்னா அரைமணி நேரம் கழிச்சு எடு, வெயில் ஏற ஏற நிழல் உன் பக்கமே சுருங்கி வந்துரும்.